ஜூரி முறையும் சாதி நெஞ்சமும் – ஒரு வரலாற்று நோக்கு

திருவாமாத்தூர் என்றதும் இப்பகுதி மக்களின் நினைவுக்கு வருவது வட்டப்பாறை. தேவாரப் பாடல் பெற்ற அபிராமேசுவரர் திருக்கோயிலும் முத்தாம்பிகை அம்மன் கோயிலும் அமைந்த இவ்வூரில், வழக்குடையோர் வட்டப்பாறையின் முன் நின்று சத்தியம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. பொய்யாணை இட்டவன் வீடு போய்ச் சேர மாட்டான் என்பது மக்களின் நம்பிக்கை.

அப்பாறையைச் சார்ந்து ஒரு கதை பலவாறு வழங்குகிறது. தம்பிக்குச் சேர வேண்டிய செல்வத்தைத் தமையன் வஞ்சித்து எடுத்துக்கொண்டான். வழக்கு வட்டப்பாறைக்கு வந்தது. தமையன் அப்பொருளைப் பொன்னாக்கி ஒரு கைத்தடியின் உள்ளே மறைத்தான். சத்தியம் செய்யும் வேளையில் தடியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுமாறு தம்பியிடம் கொடுத்துவிட்டு, "என்னிடம் ஒன்றுமில்லை, எல்லாம் அவனிடமே இருக்கிறது" என்று ஆணையிட்டான். சொல்லளவில் அது மெய்; பொருளளவில் அது பொய். பின்னர் அவன் பாம்பு தீண்டி மாண்டான் என்று கதை முடிகிறது.

கதையைக் கேட்போர் பாம்பையே நினைவில் கொள்வர். நாம் நினைவில் கொள்ள வேண்டுவது கைத்தடியை. தம்பிக்குரிய நீதி அவன் கையிலேயே இருந்தது. ஆனால், "அந்தத் தடியை உடைத்துப் பாருங்கள்" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இன்னொன்றும் உண்டு. 1947ஆம் ஆண்டின் சென்னை ஆலய நுழைவுச் சட்டம் வரும் வரையில் கோயில் வாயில்கள் நம்மவர்க்கு அடைபட்டிருந்தன. சத்தியம் செய்யும் இடத்துக்கே செல்ல இயலாதவன் தன் உண்மையை எவர் முன் மெய்ப்பிப்பான்?

தெய்வத்தின் முன் செய்த தீர்ப்பு முறை மாறி, மனிதர் முன் செய்யும் தீர்ப்பு முறை வந்தது. அம்மனிதர்கள் யாவர்? அவர்தம் நெஞ்சில் இருந்த விருப்பு வெறுப்புகள் தீர்ப்பை எவ்வாறு வளைத்தன? அந்த வரலாற்றிலிருந்து நம் சமுதாயம் கற்க வேண்டுவது யாது? சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வினாக்களை நம் இளைஞர் முன் வைப்பது பொருத்தமென எண்ணுகிறோம்.

ஜூரி என்னும் ஏற்பாடு

ஜூரி முறை இங்கிலாந்தில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. சட்டம் இன்னதென்று கூறுபவர் நீதிபதி. நிகழ்ந்தது என்ன, எந்தச் சாட்சியை நம்புவது, குற்றம் சாட்டப்பட்டவன் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்பவர்கள் பொதுமக்களிலிருந்து அழைக்கப்பட்ட ஜூரிகள். அவர்கள் தனியறையில் கூடிப் பேசி, "குற்றவாளி" அல்லது "குற்றவாளி அல்லர்" என்று மட்டும் சொல்வர். ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

இம்முறைக்கு நற்பெயரும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1670இல் இலண்டனில் வில்லியம் பென் என்பாரைத் தண்டிக்க அரசு முனைந்தபோது ஜூரிகள் மறுத்தனர். பட்டினி போட்டும் அபராதம் விதித்தும் அவர்களைப் பணிய வைக்க இயலவில்லை. மனச்சான்றின்படி முடிவு சொன்னதற்காக ஜூரியைத் தண்டித்தல் ஆகாது என்னும் விதி அவ்வழக்கிலிருந்தே பிறந்தது. அரசின் கை ஓங்கும்போது எளியவனுக்குக் கேடயமாக ஜூரி நின்றதுண்டு. ஆனால் ஊரே ஒருவனுக்கு எதிராக நிற்கும்போது, அவ்வூரிலிருந்தே எடுக்கப்பட்ட ஜூரி அவனுக்குக் கேடயமாகுமா? இதுவே நம் வினா.

கோட்டையில் நடந்த முதல் வழக்கு

இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய முதல் ஜூரி விசாரணை நம் சென்னையிலேயே நடந்தது என்பதைப் பலர் அறியார். ஆண்டு 1665. இடம் புனித ஜார்ஜ் கோட்டை. அசென்ஷியா டாஸ் என்னும் பெண், தன் அடிமைச் சிறுமியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டாள். அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் பெறுவதற்காகவே கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் பாக்ஸ்கிராப்ட் என்பார்க்கு ஆளுநர் பட்டம் வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் அறுவரும் போர்த்துகீசியர் அறுவருமாகப் பன்னிருவர் ஜூரியாக அமர்ந்தனர்.

அவர்கள் முதலில் சொன்ன முடிவு விந்தையானது. கொலைக்குற்றம் உண்டு, ஆனால் குற்றச்சாட்டில் கூறப்பட்ட முறையிலும் வகையிலும் இல்லை என்றனர். இதற்கு என்ன பொருள் என்று மன்றம் திகைத்தது. இறுதியில் அப்பெண் விடுதலையானாள்.

அச்சிறுமி யார், எவ்வூர், எக்குலம் என்று கேட்பார் அன்று இல்லை. அவள் சார்பில் ஜூரியில் அமர்ந்தவர் ஒருவரும் இல்லை. நம் நாட்டில் ஜூரியின் முதல் தீர்ப்பே, உடைமையாகக் கருதப்பட்ட ஓர் உயிரின் இழப்பை எடைபோட முடியாமல் தடுமாறிய தீர்ப்பாக அமைந்தது.

பட்டியலில் எவர் பெயர்?

ஜூரியின் மனச்சாய்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விசாரணை நாளிலிருந்து தொடங்குவர். உண்மையில் சாய்வு அதற்கு முன்பே, பட்டியல் எழுதும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

1816ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் கிராம முன்சீப்புகளுக்குச் சிறு குற்றங்களைத் தண்டிக்கும் அதிகாரம் அளித்தது. அவ்வாண்டின் பதினோராவது ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குற்றம் செய்தவன் தாழ்ந்த சாதியினனாயின் அவனை ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் தொழுமரத்தில் மாட்டலாம் என்பது அவ்விதி. கால்களை மரக்கட்டையின் துளைகளில் செருகிப் பூட்டி, ஊரார் காண வெளியில் இருத்தும் தண்டனை அது. பிற சாதியினர்க்கு அவ்விழிவு பொருந்தாது. நம்மவர்க்குப் பொருந்தும் என்று சட்டமே எழுதி வைத்தது. தீர்ப்பளிக்கும் முன்சீப் எவரிடமிருந்து வந்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1826ஆம் ஆண்டின் சட்டம் மாநகர உச்சநீதிமன்றங்களில் இந்தியரும் ஜூரியாக அமரலாம் என்றது. ஆனால் கிறித்தவர் மீதான வழக்கில் கிறித்தவர் மட்டுமே ஜூரியாக இருக்கலாம் என்று தடை போட்டது. இராசாராம் மோகன் ராய் முதலியோர் இதனை எதிர்த்து எழுதினர்; 1832இல் அத்தடை நீங்கியது. 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்திய நீதிபதி வெள்ளையரை விசாரிப்பதா என்று ஐரோப்பியர் பெருங்கிளர்ச்சி செய்தனர். முடிவில், மாவட்ட நீதிமன்றத்தில் தம்மை விசாரிக்கும் ஜூரியில் பாதிப்பேரேனும் தம் இனத்தவராக இருக்க வேண்டுமெனக் கேட்கும் உரிமையை 1884இல் பெற்றனர். தம் மீது தீர்ப்புக் கூறுவோர் தம்மை அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்பதை ஆளும் இனத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். அதே உரிமையைச் சேரிவாழ் மக்களுக்கு எவரும் கேட்கவில்லை, அரசும் தரவில்லை.

1861ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம், மாகாண அரசு விரும்பும் மாவட்டங்களில் ஜூரி விசாரணைக்கு வழி செய்தது. ஜூரி இல்லாத இடங்களில் செஷன்ஸ் நீதிபதிக்குத் துணையாக அசெசர்கள் அமர்ந்தனர். அவர்கள் கருத்துச் சொல்லலாம். ஆனால் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. 1898ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஜூரியாகவோ அசெசராகவோ அமரக் கடமைப்பட்டவர்கள். ஏட்டில் இது எல்லார்க்கும் பொதுவானது. ஆனால் எவர் தகுதியுடையவர் என்று முடிவு செய்து பட்டியல் எழுதுபவர்கள் செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும். நிலவரி கட்டுபவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், தாலுகா அலுவலகம் அறிந்த பெரிய மனிதர் என்று வடிகட்டும்போது எவர் தங்குவர், எவர் கழிவர்? பள்ளிக்கூட வாயிலையே காணாதவன், கைப்பிடி நிலமும் தன் பெயரில் இல்லாதவன், அப்பட்டியலில் எவ்வாறு இடம் பெறுவான்? விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைமையாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த அக்காலத்தில், நம் முன்னோர் நீதிமன்றத்துக்குப் போனதெல்லாம் குற்றவாளிக் கூண்டுக்கும் சாட்சிக் கூண்டுக்குமேயன்றித் தீர்ப்புச் சொல்லும் இருக்கைக்கு அன்று.

பெயர்பெற்ற மூன்று வழக்குகள்

1908இல் பம்பாயில் பாலகங்காதர திலகர் மீது அரசத்துரோக வழக்கு நடந்தது. ஜூரிகள் ஒன்பதின்மர், அவருள் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சியர். வழக்குக்கு அடிப்படையான கட்டுரைகள் மராத்தி மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியை அறியாதவர்கள் மொழிபெயர்ப்பைக் கொண்டே அவற்றின் நோக்கத்தை முடிவு செய்தனர். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. திலகர் ஆறாண்டு நாடு கடத்தப்பட்டு மாண்டலே சிறையில் அடைக்கப்பட்டார். அறியாமையும் ஒருவகை மனச்சாய்வே என்பதற்கு இவ்வழக்குச் சான்று.

இரண்டாவது, தமிழர் அனைவரும் அறிந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு. திரைப்படத் துறையினரின் அந்தரங்கங்களை எழுதிப் பிழைத்த இந்து நேசன் இதழின் ஆசிரியர் இலட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். ஏழிசை மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் சதியில் பங்கு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். ஊரெங்கும், ஏடெங்கும் அதே பேச்சு. 1945 மே மாதத்தில் உயர்நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரிகளுள் அறுவர் குற்றவாளிகள் என்றனர். மூவர் அல்லர் என்றனர். இருவருக்கும் தீவாந்தர தண்டனை கிடைத்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுபடியும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் சாட்சியங்களை ஆராய்ந்து இருவரையும் விடுவித்தனர். அந்த அறுவர் எதனை நம்பினர், எதனை வெறுத்தனர், நீதிமன்றத்தில் கேட்டதை எடைபோட்டனரா, வெளியில் கேட்டதை எடைபோட்டனரா என்பதை எவரும் அறிய வழியில்லை. அவர்கள் உரைத்தது ஒற்றைச் சொல். அதனுள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்ட அவர்கள் கடமைப்படவில்லை. புகழும் செல்வமும் உடைய இருவர்க்கே அத்தீர்ப்பைப் பிளந்து காட்ட இரண்டாண்டுகள் ஆயின. பெயரற்ற ஏழையாயின் என்ன ஆகியிருக்கும்?

மூன்றாவது, 1959ஆம் ஆண்டின் நானாவதி வழக்கு. கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி, தம் மனைவியுடன் தொடர்பு கொண்டிருந்த ஒருவரைச் சுட்டுக் கொன்றார். பம்பாய் மக்கள் அவர் பக்கம் நின்றனர். பிளிட்ஸ் என்னும் வார இதழ் அவருக்காகப் பெருமுழக்கம் செய்தது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்லர் என்றது. செஷன்ஸ் நீதிபதி அம்முடிவை ஏற்க மறுத்து, வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 1964இல் அவர் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். சீருடை அணிந்த, உயர்குடிப் பிறந்த, மானம் காத்தவன் எனப் போற்றப்பட்ட ஒருவனிடத்தில் ஜூரியின் நெஞ்சு இளகியது. சேரிக் கூலி ஒருவன் அதே காரணத்துக்காக அதே செயலைச் செய்திருந்தால் அந்நெஞ்சு இளகியிருக்குமா என்று நாம் கேட்பதில் தவறில்லை.

கடல் கடந்த சான்றுகள்

நம் நிலையோடு மிக நெருங்கி ஒப்பிடத்தக்கது அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், வெள்ளைப் பெண் ஒருத்தியிடம் மரியாதையின்றி நடந்ததாகச் சொல்லிக் கடத்திக் கொல்லப்பட்டான். அடுத்த மாதமே விசாரணை நடந்தது. ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளை ஆடவர். வாக்காளர் பட்டியலிலிருந்தே ஜூரிகள் எடுக்கப்பட்டனர். அம்மாவட்டத்தில் கறுப்பர்கள் வாக்காளராகப் பதிவு செய்ய இயலாதபடி தடுக்கப்பட்டிருந்தனர். சிறுவனின் பெரிய பாட்டனார் மோஸ் ரைட், உயிருக்கு அஞ்சாமல் எழுந்து நின்று, கடத்தி வந்தவர்களைக் கைநீட்டிக் காட்டினார். ஜூரி 67 நிமிடங்களில் விடுதலை என்றது. சில மாதங்கள் கழித்து அக்கொலையாளிகளே ஓர் இதழிடம் பணம் பெற்றுக்கொண்டு தம் செயலை ஒப்புக்கொண்டனர். ஒருமுறை விடுதலையானவர்களை மீண்டும் விசாரிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இலங்கையில் 1811இல் சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் முயற்சியால் ஜூரி முறை வந்தது. அங்கே தொடக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியைச் சார்ந்தவர்களையே ஜூரியாக அமர்த்தினர். பின்னர் அது மாறி, ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மொழிவாரிப் பட்டியல்கள் ஏற்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர் எம்மொழி ஜூரி வேண்டுமெனத் தேர்ந்துகொள்ளலாம். குற்றத்துக்கு ஆளானவர்க்கு அத்தேர்வு இல்லை. யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், சிங்களம் பேசும் ஜூரி 2016 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட ஐவரையும் விடுவித்தது. திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் 1996இல் தமிழர் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கிலும், அனுராதபுரத்தில் அமர்ந்த ஜூரி 2016 ஜூலையில் படைவீரர் அறுவரையும் விடுவித்தது. இவ்விரு வழக்குகளிலும் சாட்சியம் போதாமையால் விடுதலையா, மனச்சாய்வால் விடுதலையா என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஏனெனில் ஜூரி காரணம் சொல்வதில்லை. இறந்தோரின் குடும்பங்களுக்கு அதுவே தீராத வேதனை.

சாய்வு இயங்கும் மூன்று வழிகள்

இவ்வழக்குகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் மனச்சாய்வு மூன்று வழிகளில் தீர்ப்புக்குள் புகுவதைக் காணலாம். முதலாவது, எவர் சொல்லுக்கு எடை அதிகம் என்பது. மோஸ் ரைட்டின் கண்கண்ட சாட்சியம், அவர் கறுப்பர் என்பதால் எடையிழந்தது. இரண்டாவது, எவர் எதனைச் செய்யக்கூடியவர் என்பது. நற்குடிப் பிறந்தவன் செய்திருக்க மாட்டான், செய்திருந்தால் தக்க காரணம் இருக்கும். இழிகுலத்தான் செய்திருப்பான் என்று சாட்சியைக் கேட்கும் முன்பே மனம் முடிவு கட்டிவிடுகிறது. மூன்றாவது, எவர் இழப்பு இழப்பாகும் என்பது. கோட்டையில் இறந்த அடிமைச் சிறுமியின் உயிரைப் போல, சில உயிர்களின் இழப்பு நெஞ்சைத் தொடுவதே இல்லை.

இவற்றுள் எதிலும் ஜூரி வேண்டுமென்றே பொய் சொல்ல வேண்டியதில்லை. தான் நேர்மையாக நடப்பதாகவே அவன் நம்பலாம். பகைவனை எதிர்த்து வாதாடலாம். தன்னை நேர்மையாளன் என்று நம்புகிறவனின் உள்ளத்துச் சாய்வை எதிர்த்து வாதாடுவது அரிது. அதனாலேயே இது கொடியது.

ஜூரி போயிற்று, சாய்வு போயிற்றா?

சட்ட ஆணையம் 1958ஆம் ஆண்டின் பதினான்காவது அறிக்கையில் ஜூரி முறையைக் கைவிடலாம் எனப் பரிந்துரைத்தது. அசெசர் முறை 1955ஆம் ஆண்டின் திருத்தத்திலேயே நீங்கியிருந்தது. 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லை. இனி நீதிபதியே நிகழ்ச்சியையும் முடிவு செய்வார், சட்டத்தையும் கூறுவார்.

ஜூரியோடு சாய்வும் ஒழிந்தது என்று எண்ணினால் நாம் ஏமாந்தவராவோம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் எண்மருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றை நம் இளைஞர் மறத்தலாகாது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிலபுலம் மிக்க மிராசுதார்கள். அவருள் ஒருவர் கார் வைத்திருப்பவர். அத்தகையோர் ஆட்களை ஏவாமல் தாமே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்தனர் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்பதே அது. நாம் மேலே கூறிய இரண்டாவது வழி இங்கே எழுத்து வடிவில் நிற்கிறது. 1995இல் இராசஸ்தானில் பன்வாரி தேவி வழக்கிலும், உயர்சாதி ஆடவர் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டியிருப்பாரா என்னும் அதே எண்ணம் விடுதலைத் தீர்ப்பில் இடம் பெற்றது.

எனினும் இங்கே ஒரு பெரும் வேறுபாட்டைக் காண வேண்டும். கீழ்வெண்மணித் தீர்ப்பின் அநீதியை இன்றுவரை நாம் எடுத்துக்காட்ட முடிகிறது. ஏன்? நீதிபதி காரணம் எழுதினார். எழுதியதனால் அது பிடிபட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 354ஆம் பிரிவு, தீர்ப்பில் முடிவு மட்டுமன்றிக் காரணமும் இருக்க வேண்டுமென்றது. 2024 ஜூலையில் அதனிடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அவ்விதியைக் காத்துள்ளது. ஜூரியின் தீர்ப்பு மூடிய கைத்தடி. நீதிபதியின் தீர்ப்பு உடைத்துப் பார்க்கத்தக்க கைத்தடி. உடைத்துப் பார்க்க நம் கையில் வலுவிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜூரி முறை நிலவும் அமெரிக்காவிலும், ஜூரி அறையில் ஒருவர் இனவெறியை வெளிப்படையாகக் கொட்டியிருந்தால் அவ்வறையின் இரகசியத்தைத் திறந்து பார்க்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2017இல் கூறிற்று. மூடியதைத் திறப்பதே நீதிக்கு வழி என்பதை உலகம் மெல்லக் கற்றுவருகிறது.

நாம் செய்ய வேண்டுவன

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்மவர் பன்னிருவர் கொல்லப்பட்ட துயரத்தை இப்பகுதி மறவாது. துயரத்தை நினைப்பது மட்டும் போதாது. நீதியைப் பெறும் வழியையும் அறிதல் வேண்டும்.

முதலாவது, நம் கையில் உள்ள சட்டத்தைக் கற்போம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தனி நீதிமன்றத்துக்கும் தனி அரசு வழக்கறிஞருக்கும் வழி செய்கிறது. 1995ஆம் ஆண்டின் விதிகளின்படி, துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்தல் வேண்டும். பாதிக்கப்பட்டோர் விரும்பினால், மாவட்ட ஆட்சியர் தேர்ந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தலாம். 2015ஆம் ஆண்டின் திருத்தம், பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் பாதுகாப்பும் பயணச் செலவும் பெறவும், வழக்கின் கட்டங்களில் தம் கருத்தைக் கூறவும் உரிமை தந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பட்டியல் சாதியினர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். இவற்றை அறியாதவனுக்கு இவை இல்லாதவையே.

இரண்டாவது, சாட்சி சொல்லத் துணிவோம். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் பிறரும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு, உள்ளூர்ச் சூழலிலிருந்து விலக்கிச் சேலத்தில் விசாரிக்கப்பட்டது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அச்சம் சூழ்ந்த ஊரிலிருந்து எழுந்து வந்து உண்மை உரைத்த எளிய மக்களே அத்தீர்ப்பின் வேர். சொல்லுக்கு எடை இல்லை என்று நினைக்கும் மன்றத்திலும், தளராத சாட்சியம் எடையைப் பெற்றே தீரும்.

மூன்றாவது, தீர்ப்புகளைப் படிப்போம். நம்மைப் பற்றிய தீர்ப்பை நம்முள் எத்தனை பேர் முழுதும் படித்திருக்கிறோம்? தண்டனையா விடுதலையா என்று செய்தித்தாளில் கண்டு மனம் வெதும்பி அமைவதோடு நின்றுவிடுகிறோம். எந்தச் சாட்சி எக்காரணத்தால் தள்ளப்பட்டார், எந்த ஆவணம் காட்டப்படவில்லை, எந்த வரியில் சாட்சியத்தின் இடத்தில் எண்ணம் வந்து அமர்ந்தது என்று பிரித்தறியும் கூர்மை கல்வியால் வரும். மேல்முறையீடு என்பதே அக்கூர்மையின் மறுபெயர்.

நான்காவது, தீர்ப்புச் சொல்லும் இருக்கையிலும் நம்மவர் அமர வேண்டும். பல்வேறு இனத்தவர் கலந்த ஜூரி, ஒரே இனத்து ஜூரியைவிட நீண்ட நேரம் ஆராய்ந்து, குறைந்த பிழைகளோடு பேசுவதை 2006இல் அமெரிக்க உளவியலறிஞர் சாமுவேல் சோமர்ஸ் தம் ஆய்வில் கண்டார். மாறுபட்ட வாழ்வை அறிந்தவர் ஒருவர் அருகில் இருந்தாலே மற்றவரும் கவனமாகச் சிந்திக்கின்றனர் என்பது இதன் பொருள். நீதிபதிகளின் வரிசைக்கும் இது பொருந்தும் என நாம் எண்ணுகிறோம். தமிழகத்தைச் சேர்ந்த ஏ. வரதராஜன் 1980இல் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட சமுதாய நீதிபதியானார். கே. ஜி. பாலகிருஷ்ணன் 2007இலும் பி. ஆர். கவாய் 2025இலும் இந்தியத் தலைமை நீதிபதியாயினர். அம்பேத்கர் வழக்கறிஞராகப் பணியாற்றியவர் என்பதையும், ஊர்க்காவலும் அதிகாரமும் சாட்சியமும் ஒரே சாதிச் சமுதாயத்தின் கையில் இருக்கும்போது சட்டம் மட்டும் நம்மைக் காவாது என்று இடைவிடாது எச்சரித்தவர் என்பதையும் நினைவில் கொள்வோமாக.

நம் இளைஞர்க்கு வழி தொலைவில் இல்லை. விழுப்புரத்திலேயே 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி நடைபெற்று வருகிறது. ஜூரிப் பட்டியலில் பெயரில்லாமல் வாழ்ந்து மறைந்த முன்னோரின் பேரர்கள் இன்று அக்கல்லூரியின் வகுப்பில் அமரலாம், வழக்கறிஞராகலாம், தேர்வெழுதி நீதித்துறை நடுவராகலாம். அவ்விருக்கையில் அமரும் நம்மவர்க்கும் ஓர் அறம் உண்டு. தம் சாதி என்று சாய்தலும் பிறன் சாதி என்று வெறுத்தலும் அவர்க்கும் ஆகா. நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாம் பிறர்க்கு இழைப்பதற்காக அதிகாரத்தை நாடவில்லை. எந்த மனிதனின் சொல்லும் அவன் பிறப்பால் எடை குறையாத மன்றம் ஒன்றை அமைப்பதற்காகவே நாடுகிறோம்.

அதற்கு முதற்படி எழுத்தறிவு; இரண்டாம் படி சட்ட அறிவு; மூன்றாம் படி அஞ்சாமை. முதற்படியை ஏறச் செய்வதே இச்சங்கம் போன்ற கல்விச் சங்கங்களின் பணி. ஏனைய இரண்டையும் ஏறுதல் இளைஞர் கடமை.